ஆட்டுக்காரரின் நித்திய பூசை

“இங்கேயே இரும்மா, எதையும் தொடாதே, யாரோடயும் சண்டைக்குப் போகாதே” என்று மூன்று கட்டளையையும் ஒரே மூச்சில் சொல்லி மகள் கொரற்றி உட்காரவைத்துவிட்டுப் போன கோயில் பெஞ்சு அப்படிக் குளிர்ந்தது. தூத்துக்குடியில் தன் சொந்த ஐஸ் கம்பெனியில் பாளம் உருவுகிற இடத்தில் உட்கார்ந்தால்கூட இத்தனை குளிராது, அங்கே குளிரை விற்கிறோம், இந்த இங்கிலீஷ்காரர் ஊரில் சும்மா கொடுக்கிறார்கள், சும்மா கொடுக்கிற சரக்கு என்றைக்கு நன்றாக இருந்திருக்கிறது என்று நினைத்தபடி இஞ்ஞாசியம்மாள் சேலைக்கு மேல் போட்டிருந்த மகளுடைய கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். காலில் கிடந்த கம்பளிக் காலுறை மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளை என்று இன்னும் சொல்லக்கூடாது, அவள் சம்மதிக்கவில்லை, காலுறையைப் போட்டுக்கொண்டது குளிருக்காக, சம்மதத்துக்காக இல்லை. எட்வின் என்று கொரற்றி போனில் முதன்முதலாகச் சொன்னபோது நாகர்கோவில் பக்கத்துப் பையன் என்றே நினைத்தாள், எந்தக் குடும்பம், அப்பா வாத்தியாரா என்றுகூடக் கேட்டுவிட்டாள். அப்புறம் போட்டோ வந்தது, வேகவைத்த இறால் நிறத்தில் ஒரு பையன், ஆஸ்பத்திரியில் கொரற்றி நர்சு, அவன் எக்ஸ்ரே எடுக்கிறவன், காதுவரைக்கும் சிரிப்பு. சரி, நிறத்தையா கட்டிக்கொண்டு அழப்போகிறோம், பையன் நல்ல பையன், அதில் அவளுக்குத் தகராறு இல்லை. தகராறு நாளைக்கு. நாளை ஞாயிற்றுக்கிழமை இந்தக் கோயிலில் மூன்றாவது ஓலை வாசிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பேரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று கேட்கிற வழக்கம் நம் ஊர்க் கோயிலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள், இந்தப் புரோட்டஸ்டாண்டுக்காரர்களுக்கும் உண்டாம், இரண்டு ஓலை அவள் விமானம் ஏறுமுன்னே முடிந்துவிட்டது. “மூணாவது ஓலையை வாசிக்கட்டும், நான் எந்திரிச்சு நிப்பேன்” என்று நேற்றுக் காலை இட்லித்தட்டுக்கு முன்னால் அறிவித்துவிட்டாள். எட்வினுக்கு முதலில் விளங்கவில்லை, கொரற்றி இங்கிலீஷில் சொன்னதும் கையிலிருந்த இட்லியைச் சட்னியில் விட்டுவிட்டான். அம்மா சொன்னால் நிற்பாள் என்று கொரற்றிக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கு இந்த மழையில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், இந்த ஊர்ப் பாதிரியோடு பேசவைத்துத் தணிக்கலாம் என்று. பாதிரி இன்னும் வரவில்லை. பாதிரி ஒரு பொம்பளையாம், அது வேறு.

மழை கண்ணாடி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது, நம் ஊர் மழை போல வந்தோம் போனோம் என்று இல்லை, விலை படியாத வியாபாரி மாதிரி போகிறேன் போகிறேன் என்று வாசலிலேயே நிற்கிற மழை. அவள் கால்மாட்டில் ஒரு பெரிய கல், கல்மேல் பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு ஆணும் பெண்ணும் கைகூப்பிப் படுத்திருந்தார்கள், அந்த மனுஷன் காலடியில் ஒரு செம்மறியாடு. உள்ளே வந்ததும் எட்வின் முதலில் இதைத்தான் காட்டினான். “மாமி, இவர் ஜான் ஹோல்காட். ஆட்டு முடி விற்றார்” என்றான், கொரற்றி சொல்லிக்கொடுத்த தமிழில், ஒவ்வொரு சொல்லையும் சூடான தேநீர் மாதிரி ஊதி ஊதி. “கம்பளி வியாபாரிம்மா, பெரிய கை, இந்தக் கோயில்லே பாதி அவர் கட்டினதுதான்” என்று கொரற்றி மீதியைச் சொன்னாள். சாகுமுன் நிலபுலத்தை எழுதிவைத்தாராம், அந்த வரும்படியில் ஒரு சாமியாருக்குச் சோறும் கூலியும் கொடுத்து, தனக்கும் தன் பெண்டாட்டி மார்ஜரிக்கும் தினம் ஒரு பூசை, உலகம் இருக்குமட்டும். அதற்கென்றே பெரிய கோயிலுக்குள் கட்டின குட்டிக்கோயில்தான் அவள் உட்கார்ந்திருக்கிற இந்த இடம். இந்த ஏற்பாட்டுக்கு சாண்ட்ரி என்று பெயராம், ஒரு காலத்தில் இந்த நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்ததாம், பிரபுக்கள் வைத்தார்கள், வியாபாரிகள் வைத்தார்கள், தனியாக வைக்க வசதியில்லாத தச்சனும் ரொட்டிக்காரனும் சங்கமாகச் சேர்ந்து கூட்டாக வைத்தார்கள். காலையில் பூசை முடித்த சாமியார் மிச்சப் பொழுதில் ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாராம். நல்ல ஏற்பாடு. இஞ்ஞாசியம்மாளுக்கு அந்த மனுஷனைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. ஆட்டை மறைக்கவில்லை பார், நான் வியாபாரி, இது என் சரக்கு என்று காலடியிலேயே போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். எனக்குக் கல்லறை வைத்தால் காலடியில் ஒரு சீலா மீன் போடச்சொல்லவேண்டும், நல்ல நீளமான சீலா, நாத்தனார் பெர்பெத்து பார்த்துவிட்டு நாற்றமடிக்கிறது என்பாள், கல்லில் செய்த மீன் எப்படிடி நாறும், அவளுக்கு நாறும், ஐஸ் கம்பெனியின் பங்கு வேண்டும், மீன் நாற்றம் மட்டும் வேண்டாம். திரேஸ்புரத்தில் தலையில் பெட்டி சுமந்த காலத்தில் கழுத்து வழியாக வடிந்த மீன் தண்ணீர் எந்தச் சோப்புக்கும் போகவில்லை, போகவும் வேண்டாம், அந்தத் தண்ணீரில்தான் கொரற்றியின் நர்சுப் படிப்பு மிதந்து வந்தது. நான் எங்கே விட்டேன். ஆடு. ஆட்டுக்காரர். உலகம் இருக்குமட்டும் தினம் ஒரு பூசை.

தகட்டைச் சுற்றி எழுத்து ஓடியது, ஒரு இடத்தில் மட்டும் எழுத்து இல்லை, உளியால் கொத்திச் சுரண்டின தழும்பு. அந்த இடத்தில் ‘இவர்கள் ஆத்துமாவுக்காகச் செபியுங்கள்’ என்று இருந்ததாம். அதை மட்டும் சுரண்டியிருக்கிறார்கள், பேரை விட்டுவிட்டார்கள். யார் சுரண்டினார்கள் என்று அப்போதே கொரற்றியிடம் கேட்டாள். அது ஒரு கதை. ஆட்டுக்காரர் செத்து மூன்று தலைமுறைக்குள் இந்த நாட்டு ராஜா ஒரு சின்னப் பையனாகப் போனான், பத்து வயசாம், அவனைச் சுற்றியிருந்த பெரிய மனுஷர்கள் சேர்ந்து சட்டம் போட்டார்களாம். செத்த ஆத்துமா மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் தீரக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று கிடையாது, ஆகவே செத்தவர்களுக்குப் பூசை வீண், ஆகவே அந்தப் பூசைக்கு எழுதிவைத்த சொத்தெல்லாம் ராஜாவுக்கு. அந்த ‘ஆகவே’யைக் கேட்டதுமே அவளுக்கு மூக்கு விடைத்தது. முப்பது வருஷம் ஏலக்கொட்டகையில் நின்றவள், ஏமாற்றுக்காரனை எங்கே பிடிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், ஆகவேயில்தான் பிடிக்கவேண்டும். கடல் பொங்கியிருக்கு மைனி, ஆகவே வள்ளம் வராது, ஆகவே முன்பணத்தை நான் வச்சுக்கிறேன். முதல் பேச்சு உண்மையாக இருக்கலாம், இரண்டாவதும் இருக்கலாம், மூன்றாவதுக்குள்ளே அவன் கை உன் மடியில் இருக்கும். உத்தரிக்கிற ஸ்தலம் இல்லையா, சரி, இல்லாமல் போகட்டும், அப்படியானால் சொத்தை ஆட்டுக்காரரின் பேரப்பிள்ளைகளிடம் திருப்பிக்கொடு, அதுதானே நியாயம். சரக்கு வேண்டாமென்றால் பணத்தைக் கொடு, சரக்கும் கிடையாது பணமும் கிடையாது என்றால் அதற்குப் பேர் வேதமா. அப்புறம் ராஜாவின் கமிஷன்காரர்கள் ஊர் ஊராக வந்து பூசைப் பாத்திரம், பட்டு அங்கி, மெழுகுதிரித் தண்டு எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக்கொண்டு போனார்களாம். கமிஷன்காரன்! கரையில் நிற்கிற கமிஷன்காரனே அவளுக்குப் பித்தத்தைக் கிளப்புவான், இவன்கள் கோயிலுக்குள்ளேயே நுழைந்திருக்கிறான்கள். நான் மட்டும் அன்றைக்கு இந்த வாசலில் நின்றிருந்தால் என்று நினைத்து, நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்து, அந்த வெள்ளிப் பாத்திரத்தை மீன்பெட்டிக்கு அடியில் போட்டு மேலே முள்ளும் வழுவழுப்புமான காரல் மீனைக் கொட்டி, இந்தா பார்த்துக்கோ என்று அவன் மூக்குக்கு நேரே நீட்டியிருப்பேன், எந்தக் கமிஷன்காரனும் காரலைக் கையால் கிளறமாட்டான் என்று முடிவுக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றுக் கோயிலில் அந்தச் சிரிப்பு தூண் தூணாக முட்டித் திரும்பி வந்தது. தூணுக்குத் தூண் இறக்கை விரித்த கல் சம்மனசுகள் நின்றன, பாவம், ஒன்றுக்கும் தலை இல்லை.

பூசையை நித்தியத்துக்கும் எழுதிவைக்கிற விஷயம் அவளுக்குப் புதிதில்லை. போன வருஷம்தான் ஊர்ச் சாமியாரிடம் உட்கார்ந்து பேசினாள். “எனக்கும் அவுகளுக்கும் வருஷா வருஷம் பூசை, என்னென்னைக்கும். எழுதிக்கோங்க சாமி.” அவுக என்றால் தஸ்நேவிஸ், கொரற்றி இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மஞ்சள்காமாலையில் போன அவள் புருஷன். சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “இருபத்தஞ்சு வருஷத்துக்குத்தான் எழுதலாம்மா. அதுக்கு மேலே பிஷப் ஆபீஸ் ஒத்துக்கிறதில்லை.” “ஏன் சாமி, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு நான் எந்திரிச்சு வந்திருவனா?” “அப்படி இல்லம்மா...” “சாவு மட்டும் ஒரேயடியா, பூசை மட்டும் தவணையா? அம்பது போடுங்க.” “இது மீன் ஏலம் இல்லம்மா.” “சரி, நாப்பது.” அவர் சிரித்துவிட்டார், ஆனால் இறங்கவில்லை, நல்ல வியாபாரி, படியாத இடத்தில் படியவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இப்போது ஆட்டுக்காரரைப் பார்க்கையில் கொஞ்சம் இளகியது. என்றென்றைக்கும் என்று வாக்குக் கொடுத்து இந்த மனுஷன் விஷயத்தில் கெட்டபிறகு சாமியார்களுக்கும் புத்தி வந்திருக்கும், அதுதான் தவணையில் இறங்கிவிட்டார்கள். இருந்தாலும் அந்தச் சாமியார்களை நம்பிச் சும்மா இருக்கமுடியாது. ஒரு வருஷம் தஸ்நேவிஸின் நினைவு நாள் பூசை, மரித்தவர்கள் பேரையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு போன ஒரு இளஞ்சாமியார் தஸ்நேவிஸை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிட்டார், ஏதோ அவசரம், கண் வழுக்கியிருக்கும். இஞ்ஞாசியம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “சாமி, ஒரு பேர் குறையுது.” கோயில் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் பெர்பெத்து முந்தானையை இழுத்தாள், “மைனி, பூசை நடக்குது.” “நடக்கட்டும். அவுக நடுவுல நிக்காக. சாமி, தஸ்நேவிஸ்னு ஒரு பேர் இருக்கும், நல்லாப் பாருங்க.” சாமியார் வியர்வை வடிய வாசித்தபிறகுதான் உட்கார்ந்தாள். அன்றைக்கிருந்து அந்தக் கோயிலில் எந்தச் சாமியாரும் பேர் வாசிக்குமுன் முதலில் அவள் எந்த பெஞ்சில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்வார். எழுந்து நிற்பது என்றால் எனக்கு ஒன்றும் புதிதில்லை, நாளைக்கும் நிற்பேன். நிற்பேன்தான். நிற்கவேண்டியதுதானே. நின்று என்ன சொல்வது என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை, பையனிடம் குறை இருந்தால் சொல்லலாம், குறையில்லாத பையனை வைத்துக்கொண்டு எப்படித் தடை சொல்வது, என் ஆத்துமாதான் தடை என்று சொல்லமுடியுமா, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது.

உண்மை அதுதான். விமானம் ஏற்ற வந்த பெர்பெத்து கையசைப்பதற்கு முன்னால் அந்த முள்ளைக் குத்திவிட்டுப் போனாள். “மைனி, அவங்க சபையிலே செத்தா செத்ததுதான். உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது, கல்லறைத் திருநாள் கிடையாது, பூசை கிடையாது. ஒத்தப் புள்ள வச்சிருக்கீக. நீங்க போனப்புறம் உங்களுக்குன்னு ஒரு செபம் சொல்ல ஆள் இருக்காது, பாத்துக்கோங்க.” பதினோரு மணி நேரம் ஆகாயத்தில் அந்த முள்ளோடு வந்தாள். மேகத்துக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அந்த வெயிலில் அவளுக்கு உத்தரிக்கிற ஸ்தலம் தெரிந்தது, ஞானோபதேச வகுப்பில் சொன்ன நெருப்பாக இல்லை, திரேஸ்புரத்து ஏலக்கொட்டகையாக. கூரையில்லாத பக்கத்தில் வெயிலில் சனம் வரிசையாக நிற்கிறது, ஒரு மைக்கு பேர் கூப்பிடுகிறது, கீழே பூமியில் யார் பேருக்குச் செபம் சொல்லுகிறார்களோ அந்தப் பேர் கூப்பிடப்படும், கூப்பிட்டவன் நிழலுக்குப் போகலாம், கூப்பிடாதவன் வெயிலில். தஸ்நேவிஸ் எப்போதோ நிழலுக்குப் போயிருப்பார், அத்தனை பூசை. அவள் நிற்கிறாள். மைக்கு என்னென்னவோ பேர் கூப்பிடுகிறது, சண்டைக்காரியான பெர்பெத்துகூடத் தன் ஆறு பிள்ளைகளின் செபத்தில் விருட்டென்று போய்விட்டாள், போகிறபோது திரும்பி ஒரு பார்வை வேறு. இஞ்ஞாசி நிற்கிறாள். இந்தக் கட்டத்துக்கு வந்ததும் உடனே வேறு எதையாவது நினைப்பாள், கம்பெனியில் மோட்டாரை நிறுத்தினார்களா, பூனைக்குச் சோறு வைத்தார்களா, அப்புறம் மறுபடி அதே கொட்டகை, அதே வெயில். ஆனால் இப்போது ஆட்டுக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து அதே கொட்டகைக்குள் போனபோது ஒன்று மாறியிருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது. கம்பளி அங்கியும் கூப்பின கையுமாக, காலடியில் ஆட்டோடு. பத்து வயசு ராஜா காலத்திலிருந்து அங்கேயே நிற்கிறார், பக்கத்தில் மார்ஜரி. ஓய் ஆட்டுக்காரரே, எல்லாம் சரியாத்தானே எழுதிவைத்தீர். சரியாத்தான் எழுதினேன் அம்மா, நல்ல வக்கீல் வைத்து எழுதினேன். எங்கே விட்டீர்? ராஜா பையன் வருவான் என்று எனக்கு எப்படித் தெரியும். அதுவும் சரிதான். எவ்வளவு பெரிய கை, எத்தனை ஆடு, எத்தனை நிலம், கடைசியில் கொட்டகையில் நம்மோடு வெயிலில். வியாபாரிக்கு வியாபாரிதான் துணை, கொஞ்சம் தள்ளி நில்லும், உம்முடைய ஆடு என் சேலையைத் தின்கிறது.

பெரிய பீடத்தின் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. எழுந்து பார்க்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதோடு எழுந்து போனால் கொரற்றி மூன்று கட்டளையையும் மறுபடி சொல்லுவாள். அப்போதுதான் உள்ளே வந்தபோது எட்வின் சுவரில் காட்டின ஓட்டையின் ஞாபகம் வந்தது. கல்சுவரில் சாய்வாக வெட்டின ஓட்டை, ஒரு தலை நுழையலாம். இங்கே பூசை வைக்கிற ஆட்டுக்காரருடைய சாமியார், அங்கே பெரிய பீடத்தில் பெரிய சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற நேரத்தை இதன் வழியாகப் பார்த்து, அவர் இறக்கினபிறகுதான் தான் தூக்குவாராம், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல். இஞ்ஞாசியம்மாள் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து போய் ஒற்றைக் கண்ணை வைத்தாள். முழு ஆள் ஒருவரும் தெரியவில்லை, துண்டு துண்டாகத் தெரிந்தார்கள். எட்வினின் முழங்கால், அது ஆடிக்கொண்டே இருந்தது. நனைந்த சைக்கிள் தொப்பியைப் பிடித்திருந்த ஒரு பொம்பளைக் கை, கழுத்தில் வெள்ளைப் பட்டை, அப்படியானால் இதுதான் பாதிரி, மழையில் சைக்கிளில் வந்திருக்கிறாள், பரவாயில்லை, உழைக்கிற பொம்பளை. அப்புறம் கொரற்றி, அவளுடைய வாயும் கையும் மட்டும். கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வருகிற அன்றைக்குக் கடிப்பாள், நர்சு வேலைக்கு விசா வருமா வராதா என்று கடித்தாள், இரத்தம் வரும்வரை கடிப்பாள். இப்போது எதற்குக் கடிக்கிறாள் என்று ஒரு கணம் நிசமாகவே விளங்காமல் பார்த்தாள், விளங்கியதும் கண்ணை ஓட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். எனக்காகக் கடிக்கிறாள். பரீட்சை நான், விசா நான். ஊரையே பயமுறுத்தியிருக்கிறேன், சாமியாரை, கமிஷன்காரனை, பெர்பெத்துவை, எல்லாம் இந்தப் பிள்ளை யாருக்கும் பயப்படாமல் வளரட்டும் என்றுதானே. மறுபடி கண்ணை வைத்தாள். எட்வினின் கை வந்து அந்தக் கட்டைவிரலை வாயிலிருந்து மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. சரி, அதைச் செய்யத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் இது வேறு, அது வேறு, கை பிடிக்கிறதும் செபம் சொல்லுகிறதும் ஒன்றாகிவிடாது, இளகாதே இஞ்ஞாசி, இளகின வியாபாரி கெட்டான்.

மூன்று பேரும் வந்தார்கள். பாதிரியம்மா பேர் ஹிலரியாம், கை குலுக்கினாள், கை ஐஸாக இருந்தாலும் பிடி உறுதி. இஞ்ஞாசியம்மாளின் இங்கிலீஷ் மீன் ஏற்றுமதிக்காரர்களிடம் படித்தது, விலை, தரம், தேதி, இவற்றைத் தாண்டி அதில் சொல் கிடையாது. அது போதும் என்று அவள் நேரே இறங்கினாள்.

“மேடம். டெட் பீப்பிள். பிரேயர். எஸ் ஆர் நோ?”

ஹிலரி பேசினாள். நீளமாகப் பேசினாள், இரண்டு கையையும் தராசு போல ஏற்றி இறக்கிப் பேசினாள். இஞ்ஞாசியம்மாள் மகளைப் பார்த்தாள்.

“சிலபேர் செய்றாங்களாம்மா, சிலபேர் செய்றதில்லையாம். சபை யாரையும் கட்டாயப்படுத்துறதில்லையாம். அவங்க மட்டுல என்ன நினைக்கிறாங்கன்னா...”

“ஏளா, இது விலை சொல்லுற பேச்சா? மீன் புதுசா பழசான்னு கேட்டா கடல் ரொம்பப் பெருசுங்கிறா. மேடம், லாஸ்ட் பிரைஸ்!”

அது ஹிலரிக்கு விளங்கிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்தபோது ஐஸ் கம்பெனியில் சிட்டை எழுதுகிற மரியதங்கம் மாதிரியே இருந்தாள். நவம்பர் மாசத்தில் ஒரு சாயங்காலம் ஊர்க்காரர்கள் கொடுக்கிற மரித்தவர்கள் பேரையெல்லாம் இங்கே வாசிக்கிறோம், ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றுகிறோம் என்றாள். இஞ்ஞாசியம்மாளுக்குத் திக்கென்றது. ஆக, உண்டு. கல்லறைத் திருநாள் இவர்களுக்கும் உண்டு. சண்டைக்கென்று தீட்டிக் கொண்டுவந்த கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கண் கீழே போயிற்று, கீழே ஆட்டுக்காரர் கிடந்தார்.

“அப்போ இவரு பேரு? இவரு பேரையும் வாசிக்காங்களா, கேளு.”

கொரற்றி கேட்டாள். ஹிலரி இல்லை என்று தலையாட்டினாள். கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது.

“இல்லையாம்மா. யாரும் கொடுத்ததில்லையாம். அவருக்கு இப்போ சொந்தக்காரங்க யாரும் இல்லையே.”

“நல்லாருக்குடி கதை! சொந்தக்காரன் இல்லாமப் போவான்னு தெரிஞ்சுதானே அந்த மனுசன் இத்தனையும் கட்டிவச்சாரு? கேக்காதவனுக்கெல்லாம் மெழுகுதிரி, கேட்டுட்டுச் செத்தவனுக்கு ஒண்ணும் கிடையாதா? அவரு கட்டின கூரைக்குக் கீழே நின்னு ஊரான் பேரெல்லாம் வாசிக்காங்க, கீழே அவரு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு!” அவள் எழுந்துவிட்டாள், முழங்காலாவது ஒன்றாவது. “எந்த ராஜா வேணும்னாலும் வரட்டும். இப்பவே செய்யுறேன்.” தகட்டுக்கு நேரே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஏலக்கொட்டகையில் கடல் இரைச்சலுக்கு மேலே எறிந்து பழகின அந்தக் குரலை அப்படியே எடுத்து எறிந்தாள். “நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் சுவாமி!”

கோயில் முழுக்க அது போய், கூரையைத் தொட்டு, தலையில்லாத சம்மனசுகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றது. நின்றேபோயிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தச் செபம் ஒருவர் சொல்லித் தீருகிற செபம் இல்லை, முன்பாதியை ஒருவர் சொல்ல வேண்டும், பின்பாதியை மற்றவர் சொல்ல வேண்டும், ஊரில் கோயில் நிறைய சனம் பதில் சொல்லும். கொரற்றி விமானம் ஏறி இந்த ஊருக்கு வந்தபிறகு வீட்டில் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளே முன்பாதியைச் சொல்லி, அவளே எதிராளி மாதிரி கொஞ்சம் குரலை மாற்றிப் பின்பாதியையும் சொல்லிவந்திருக்கிறாள், யாருக்கும் தெரியாது, பெர்பெத்துவுக்குத் தெரிந்தால் சிரிப்பாள். இப்போதும் அப்படியே தானே சொல்லி முடிக்கலாம் என்று மூச்சை இழுத்தாள். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் தானே எதிராளியாகிக் குரலை மாற்ற வரவில்லை. மழை அடித்தது. சைக்கிள் தொப்பியிலிருந்து ஒரு சொட்டுக் கல்லில் விழுந்தது. இதுதான், இதுதான் நான் பயந்தது, பாதியில் நிற்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை.

“முடிவில்லாத ஒளி,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, சூடான தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிற மாதிரி, “இவர்கள்மேல்... பிர... பிரகாசிக்க... கடவது.”

இஞ்ஞாசியம்மாள் திரும்பினாள். எட்வின் வேகவைத்த இறாலாகச் சிவந்து நின்றான்.

“இவனுக்கு எப்படிடி தெரியும்?”

“தினமும் சொல்றோம்லா, அப்பாவுக்கு,” என்றாள் கொரற்றி, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்கிற மாதிரி. “தனியாச் சொன்னா பாதியிலே நிக்குதும்மா. பதில் சொல்ல ஆள் வேணும்னு இவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முதல்லே இந்தச் செபந்தான் இவனுக்குத் தமிழ்ப்பாடமே.”

“மாமனார் பேர் தஸ்நேவிஸ்,” என்றான் எட்வின், பரீட்சையில் ஒப்பிப்பவன் போல. “மஞ்சள் காமாலை.”

“வியாதியை யாருடே கேட்டா?” என்று அதட்டினாள், அதட்டல் பாதியில் உடைந்து மூக்குச் சிந்தலாகப் போயிற்று, கோட்டு மகளுடையது என்பதையும் பார்க்காமல் அதன் கையிலேயே துடைத்தாள். சபையாவது பாதிரியாவது, ராஜா பையனாவது, இவ்வளவு பெரிய கோயிலையும் நிலத்தையும் எழுதிவைத்த மனுஷனுக்குக் கிடைக்காத பாதிச் செபம், எதுவும் எழுதிவைக்காத தஸ்நேவிஸுக்கு எங்கேயோ ஒரு குளிர்ந்த ஊரில் ஒரு எக்ஸ்ரேக்காரன் வாயிலிருந்து தினமும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவுகளுக்கு இது தெரிந்திருக்கும், நிழலில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பார், ஒரு வார்த்தை எனக்குச் சொன்னாரா, உயிரோடிருந்த காலத்திலும் அப்படித்தான், முக்கியமானதைச் சொல்லமாட்டார்.

ஹிலரி கொரற்றியின் காதில் மெல்ல ஏதோ கேட்டாள்.

“நாளைக்கு நீ எந்திரிச்சு நிப்பியான்னு கேக்காங்கம்மா.”

“முழங்கால் வலிக்கி. எவ எந்திரிப்பா,” என்றாள் இஞ்ஞாசியம்மாள். “அந்தக் கட்டைவிரலை இங்கே கொண்டா. இனி நகத்தைக் கடிச்சே, விரலை நறுக்கிருவேன்.” கொரற்றி விரலைக் கொடுக்கவில்லை, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கோட்டோடு சேர்த்து, நனைந்த தலைமுடியோடு. சரி சரி விடு, கோயில், என்று வாய் தள்ளினாலும் கை தள்ளவில்லை. தோளுக்கு மேலாகப் பார்த்தபோது தரை முழுக்கக் கல்லாகத் தெரிந்தது. கல்லுக்குக் கல் எழுத்து, சில தேய்ந்தது, சில பாதி, நடந்து வந்தபோது வெறும் தரை என்றல்லவா நினைத்தாள்.

“இதெல்லாம் யாரு?”

“எல்லாம் மனுஷர் மாமி. கீழே.”

“இத்தனை பேருமா? யாரும் ஒண்ணும் சொல்லாமலா?” மகளை விலக்கிவிட்டு, எட்வினின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கல்லுக்கு நடந்தாள். தேநீர் தரட்டுமா என்று ஹிலரி பின்னாலிருந்து கேட்டதற்கு, வெயிட், என்று கையைக் காட்டினாள். “இது யாரு, வாசி.”

எட்வின் குனிந்து மண்ணைத் தட்டிப் பார்த்தான். “ஆலிஸ். ரொட்டி சுட்டார்.”

“சரி, ஆலிஸுக்கு ஆரம்பி,” என்றாள். “இந்தத் தரம் முன்பாதி உன்னது. நான் பதில் சொல்லுறேன். வாயைத் திறந்து சொல்லு, அவளுக்குக் கேக்கணும்லா.”